கேமராவிலிருந்து ஊசிக்கு: ஒரு புகைப்படக்காரர் குவில்ட் கலைஞராகும்போது

கேள்வி இதுதான்: புகைப்படத் தொழிலில் இருந்த சிலர் பிற்காலத்தில் குவில்ட் என்ற அடுக்குத் துணிப் படைப்பு செய்யும் கலைஞர்களாக மாறியிருக்கிறார்கள். அவர்கள் செய்வது, எடுத்த படத்தைத் துணியில் அச்சடித்துச் சுற்றித் தைப்பது மட்டும்தானா? கேமராவில் கற்றது துணியில் எதற்காவது உதவுமா? யாருடைய வேலையைப் பார்த்தால் இது புரியும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாலிஸ் ஷாட்டலெய்னின் வேலையைப் பாருங்கள். அமெரிக்கர். பிலடெல்ஃபியாவில் உள்ள ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படித்தவர், புகைப்படக்காரராகத் தொழிலைத் தொடங்கியவர். பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசு அமைப்பின் தன்னார்வலராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போனார். அப்புறம் புர்கினா ஃபாசோ, மாலி, பெனின் என்று மொத்தம் 12 ஆண்டுகள் அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தார். பிறகு அமெரிக்கா திரும்பி வட கரோலினாவில் குடியமர்ந்தார். இன்று அவரைப் புகைப்படக்காரராக நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. சாயத்தால் துணியில் ஓவியம் தீட்டி, அதன்மேல் தையலால் இன்னொரு படம் வரைபவர் என்றுதான் குவில்ட் உலகம் அவரை அறியும். 2004-இல் ஹியூஸ்டனில் நடந்த சர்வதேச குவில்ட் சங்கத்தின் போட்டியில் அவருடைய ‘பிரெஷஸ் வாட்டர்’ முதன்மைப் பரிசு பெற்றது. தண்ணீருக்காக உலகம் படும் பாடுதான் அதன் பொருள்.

குவில்ட் என்றால் என்ன என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு அல்லது கம்பளி அடுக்கு. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் குவில்டிங். மேல்துணி பல துண்டுகளை இணைத்ததாக இருக்கலாம், ஒரே துணியாகவும் இருக்கலாம். ஷாட்டலெய்ன் செய்வது இரண்டாவது வகை. முழுத் துணியில் படத்தைச் சாயத்தால் தீட்டிய பிறகுதான் ஊசி உள்ளே வருகிறது. துண்டு போட்டு இணைக்காத குவில்ட் குவில்டே அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. முழுத்துணி குவில்ட் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு பழையது.

சரி, அச்சடிப்பது மட்டும்தானா என்ற கேள்விக்கு வருவோம். ஷாட்டலெய்ன் தன் புகைப்படங்களைத் துணியில் அச்சடிப்பதில்லை. நான் அவரை முதலில் காட்டுவதற்குக் காரணமே அதுதான். படங்களைப் பார்த்துக் கையால் வரைகிறார். ஒரு படத்திலிருந்து ஒரு முகம், இன்னொன்றிலிருந்து ஒரு நிற்கும் முறை என்று எடுத்துக்கொண்டு, எந்தக் கேமராவும் பார்த்திராத ஒரு கூட்டத்தைத் துணியில் சேர்க்கிறார். அந்த இடத்தில் புகைப்படம் இறுதிப் பொருள் என்ற நிலையிலிருந்து இறங்கி, மூலப்பொருளாகிவிடுகிறது. புகைப்படக்காரராக இருந்தவருக்கு இது எளிதான இறக்கம் அல்ல. ‘நான் எடுத்த ஃப்ரேம்’ என்ற பிடிமானத்தை அதற்கு விட வேண்டும்.

அவருடைய பல படைப்புகளுக்குத் தொடக்கம் கனவு. அதுவும் ஒரே நிறத்தில் வரும் கனவு என்று அவரே சொல்லியிருக்கிறார். 2002-இல் ஊதா நிறத்தில் ஒரு கனவு வந்தது: தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ ஒரு வெளியில் நிற்கிறார், உலகின் பல பகுதிக் குழந்தைகள் அவரை நோக்கி வருகிறார்கள். ‘ஹோப் ஃபார் அவர் வேர்ல்ட்’ என்ற அந்தக் குவில்ட் முடிந்தது 2007-இல். ஒரு ஃப்ரேமை நொடியில் ஒரு சிறு பங்கில் பிடித்துப் பழகிய ஒருவர், ஒரே படத்தை ஐந்து ஆண்டு மனதில் சுமக்கிறார். ‘புளூ மென்’ என்ற இன்னொன்று நீலத்தில் ஆனது. சஹாராவின் துவாரெக் மக்களை அது காட்டுகிறது. அவுரிச் சாயம் ஊறிய தலைத்துணி உராய்ந்து தோலிலும் நீலம் ஏறிவிடுவதால் அவர்களுக்கு ‘நீல மனிதர்கள்’ என்ற பெயர் உண்டு. சாயத்தில் வேலை செய்கிற ஒருவர் அந்த மக்களைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த ஒற்றை நிறத்தைக் கனவின் விந்தை என்று மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. புகைப்படம் கழுவும் இருட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது பழக்கமான இடம். கறுப்பு-வெள்ளைப் பிரிண்டை செபியா என்ற பழுப்பாகவோ நீலமாகவோ மாற்றும்போது நிறம் ஒன்றுதான் இருக்கும். படத்தைத் தாங்குவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான படிகள், அதாவது டோன். ஊதா டூட்டூவில் நடப்பதும் அதேதான். தோலின் நிறம், உடையின் நிறம், வானத்தின் நிறம் எல்லாம் ஊதாவாகிவிட்டால், ஒரு கன்னம் இன்னொரு கன்னத்திலிருந்து பிரிந்து தெரிய டோனைத் தவிர வேறு வழி இல்லை. பல நாட்டுக் குழந்தைகள் ஒரே நிறத்தில் நிற்கும்போது அதற்கு ஒரு அரசியலும் வந்துவிடுகிறது. அதை விளக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

கேமராவில் கற்றது உதவுமா என்ற கேள்விக்கு என் பதிலின் பெரும்பகுதி இந்த டோன்தான். குவில்ட் கற்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. கடையில் துணியை நிறம் பார்த்து வாங்குகிறார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அழகாக அடுக்கி இணைத்து முடித்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தால் உருவம் தெரியாமல் எல்லாம் கலந்து கிடக்கும். நிறங்கள் வேறு வேறாக இருந்தும் அவற்றின் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்ததுதான் காரணம். அதனால்தான் குவில்ட் வகுப்புகளில் சிவப்புக் கண்ணாடித் தாள் வழியே துணியைப் பார்க்கச் சொல்வார்கள். இப்போது கைப்பேசியில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். புகைப்படக்காரருக்கு அந்தத் தாள் தேவையில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில், ஒரு காட்சியைக் கரும் கறுப்பு முதல் வெறும் வெள்ளை வரை 11 படிகளாகப் பிரிப்பார்கள். ஷட்டரை அழுத்தும் முன்பே இந்த நிழல் எந்தப் படியில் விழும், அந்தச் சுவர் எந்தப் படியில் விழும் என்று தீர்மானிக்கும் பழக்கம் அது. அந்தக் கண்ணோடு துணி அலமாரி முன்னால் நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதி அவ்வளவு எளிதில் வருவதில்லை. கேமரா நிறைய விஷயங்களை இலவசமாகத் தந்துவிடுகிறது. முகத்தின் அளவு, பின்னணியில் ஒரு மரம், சட்டையின் மடிப்பு எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சரியான இடத்தில் நின்று, வேண்டாததை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளினால் போதும். துணியில் வெறுமையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மடிப்பு வேண்டுமா, எத்தனை டோனில், எந்த விளிம்பு கூர்மையாக, எது மங்கலாக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். படத்தில் இருப்பதையெல்லாம் கொண்டுவர முயல்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஆயிரம் சின்ன விவரங்களோடு உயிரில்லாத குவில்ட் ஒன்று வந்து நிற்கும்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் தொழில்நுட்பச் சுவாரசியமே அங்கேதான். பருத்தியில் ஓவியம் தீட்ட இரண்டு வழி: நிறமிப் பெயின்ட், இல்லையென்றால் சாயம். பெயின்ட் இழையின் மேல் ஒட்டிக்கொண்டு காயும். துணி விறைப்பாகிவிடும், அடர்த்தியாகத் தைக்கும்போது ஊசித் துளைகள் பல்லிளிக்கும். இழைவினைச் சாயம் பருத்தி இழையின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது, துணியின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. தொட்டால் வெறும் துணி போலத்தான் இருக்கும். புரோசியன் என்ற பெயரில் இந்த வகைச் சாயம் 1956-இல் சந்தைக்கு வந்தது. அதற்குச் சூடு அதிகம் தேவையில்லை, சோடா சாம்பலின் காரம் இருந்தால் அறை வெப்பத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஸ்டுடியோவில் தனியாக வேலை செய்யும் கலைஞர்களுக்கு இது கதவைத் திறந்துவிட்டது.

தண்ணீர் போன்ற சாயம் துணியில் பரவி ஓடும். அதைத் தூரிகையில் நிற்க வைக்கக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டைக் கலந்து கெட்டியாக்குகிறார்கள். வேதிவினை நடக்க ஈரம் வேண்டும் என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க யூரியாவும் சேர்ப்பார்கள். தீட்டிய துணியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் அளவுக்கு விட்டுவிட்டு, பிறகு அலசுவார்கள். பிணைப்பு கொள்ளாத சாயம் அலசலில் போய்விடும்.

இருட்டறையிலிருந்து வந்தவர்களை ஏமாற்றும் இடமும் இங்கேதான் இருக்கிறது. ஃபைபர் என்ற புகைப்படத் தாளில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் பிரிண்ட் காய்ந்ததும் சற்றுக் கருமையாகும். அதனால் ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் வெளிறி இருக்கும்படி எக்ஸ்போஷர் தருவது அவர்கள் பழக்கம். சாயத்தில் இது தலைகீழ். ஈரத்தில் அடர்ந்து தெரிவது, அலசிக் காய்ந்ததும் வெளிறிவிடும். பழைய கையின் அளவுப்படி தீட்டினால் நிழல் எல்லாம் சாம்பல் பூத்துப் போகும். இதற்குத் தீர்வும் இருட்டறையில் கற்றதுதான்: முழுப் படத்தில் கை வைக்கும் முன்பு சின்னத் துண்டில் படிப்படியாகச் சோதனைப் பட்டை போட்டு, அலசிக் காயவைத்துப் பார்ப்பது.

அடுத்தது நூல். என்னைக் கேட்டால் புகைப்படக்காரர் குவில்ட் கலைஞராகிறாரா, துணியில் அச்சடிப்பவராகவே நின்றுவிடுகிறாரா என்பது தீர்மானமாவது இங்கேதான். படம் ஏற்கெனவே துணியில் முழுமையாக இருக்கிறது, அப்புறம் எதற்குத் தைக்க வேண்டும்? பதில் இல்லாதவர்கள் உருவத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு தைத்துவிட்டு, பின்னணியில் வளைவு வளைவாக எதையோ நிரப்பிவிடுவார்கள். அந்தத் தையலை எடுத்துவிட்டாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஷாட்டலெய்னின் குவில்டை நெருங்கிப் பார்த்தால் நூல் வேறு வேலை செய்வது தெரியும். ஊதாத் துணியில் ஊதா நூல் மட்டும் ஓடுவதில்லை. ஒரே படைப்பில் பல பல நிற நூல்கள் ஓடுகின்றன. தையலின் திசை கன்னத்தின் வளைவோடு போகிறது, உடை தொங்கும் போக்கோடு போகிறது. சில இடங்களில் சாயத்தில் இல்லாத உருவங்களே தையலில் மட்டும் இருக்கும். தூரத்தில் ஒரு படம், இரண்டடிக்குள் வந்தால் இன்னொன்று.

இதைச் செய்வது தையல் இயந்திரத்தில்தான். துணியை முன்னே தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, அதற்கென்று உள்ள பாதத்தை மாட்டி, துணியைக் கைகளால் எல்லாத் திசையிலும் நகர்த்துவார்கள். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு தாளை நகர்த்தி எழுதுவது மாதிரி. தையலின் நீளம் கையின் வேகத்தையும் இயந்திரத்தின் வேகத்தையும் பொறுத்தது, சீராக வரப் பல மாதப் பழக்கம் வேண்டும். இரண்டு மீட்டர் அகலக் குவில்டைச் சுருட்டி இயந்திரத்தின் கைக்கு அடியில் திணித்து நகர்த்துவது தோளுக்கும் கழுத்துக்கும் நல்ல தண்டனை. இந்தக் கலையைப் பற்றி எழுதுபவர்கள் உடம்பைப் பற்றி ஏனோ எழுதுவதே இல்லை.

நெருக்கமாகத் தைத்த இடம் தட்டையாக அமுங்கும், தைக்காமல் விட்ட இடம் பஞ்சால் உப்பி நிற்கும். ஆகவே குவில்ட் என்பது மெல்லிய புடைப்புச் சிற்பமும்தான். பக்கவாட்டில் ஒளி விழும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் உண்டாகிறது. முகத்துக்கு எங்கிருந்து ஒளி தர வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் யோசித்தவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தீட்டிய நிழல் ஒன்று, தையல் உண்டாக்கும் உண்மையான நிழல் ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் திறமை.

இவ்வளவு சொன்னதால் அச்சடிப்பது மட்டம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புகைப்படத்தையே துணியில் பதித்து நல்ல வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மிகப் பழைய வழி சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேரடியாக வைத்து இந்த முறையில் படமெடுத்து நூலாக்கத் தொடங்கினார். இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைத் தாளிலோ துணியிலோ தடவி, இருட்டில் காயவைத்து, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ஒளி பட்ட இடம் பிரஷ்ய நீலமாகும். பருத்தி இந்தக் கரைசலை நன்றாக உறிஞ்சும் என்பதால் துணிக்கு இது பொருந்திப் போனது. நெகட்டிவ் அளவுதான் படத்தின் அளவு, ஆகவே படங்கள் பெரும்பாலும் சின்னச் சதுரங்களாக வரும். குவில்டுக்கு அது குறையே இல்லை, சதுரங்களை இணைப்பதுதானே அதன் பழைய இலக்கணம்.

டாஃபி பிரவுன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1970-களிலிருந்து இப்படித்தான் செய்தார். மரச்சட்ட வீடுகள் எழுப்பப்படுவதைப் படமெடுத்து, சயனோடைப்பில் துணிக்கு மாற்றி, நேராகவும் கண்ணாடி பிம்பமாகவும் திருப்பித் திருப்பி இணைத்தார். உத்தரங்களும் தூண்களும் சேர்ந்து மரபான குவில்ட் வடிவங்கள் போலத் தெரியும், அருகில் போனால்தான் கட்டடமும் ஆட்களும் கண்ணுக்குப் படுவார்கள். இங்கே அச்சு தேவையாக இருக்கிறது. ஒரே படம் பல முறை துல்லியமாகத் திரும்ப வருவதுதான் அந்த வேலையின் உயிர். கையால் வரைந்தால் அது கிடைக்காது. அச்சடிக்கலாமா, வரையலாமா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் அளவுகோலாகச் சொல்வேன்: அச்சு மட்டுமே தரக்கூடிய ஒன்று உங்கள் எண்ணத்தில் இருக்கிறதா?

சயனோடைப் துணியைச் சோடா கலந்த சோப்பில் துவைக்காதீர்கள். காரம் பட்டால் அந்த நீலம் அழிந்து மஞ்சளாகிவிடும். வெயிலில் வெளுத்தால்கூட இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும், காரத்தில் போனது வராது. மற்ற வழிகளை ஒரு வரியில் சொல்கிறேன். பதப்படுத்திய துணியை இங்க்ஜெட் பிரிண்டரில் செலுத்துவது இப்போது எல்லாருக்கும் எளிது. நிறமி மை நீடித்து நிற்கும், சாய மை சீக்கிரம் வெளுக்கும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் மாற்றுத் தாள் பிளாஸ்டிக் படலத்தை விட்டுப் போகும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்த் திசையிலிருந்து வந்த ஒருவரையும் பார்த்தால் படம் முழுமையாகும். பீசா பட்லர் புகைப்படக்காரர் அல்ல. 1973-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர், பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். ஆனால் அவருடைய குவில்டுகள் பழைய புகைப்படங்களிலிருந்து பிறக்கின்றன. சாயம் தீட்டுவதில்லை, வெட்டிய துணிகளை அடுக்கி அடுக்கி முகத்தை உருவாக்குகிறார். கறுப்பு-வெள்ளைப் படத்தின் டோனை அவர் நிறமாக மாற்றுகிறார். நிழல் இருந்த இடத்தில் ஆழ்ந்த நீலம், ஊதா. வெளிச்சம் இருந்த இடத்தில் மஞ்சள், ஆரஞ்சு. ஷாட்டலெய்ன் எல்லா நிறத்தையும் ஒன்றாக்கி டோனை மட்டும் வைத்துக்கொள்கிறார், பட்லர் டோனைத் துல்லியமாகக் காப்பாற்றிக்கொண்டு நிறத்தை அவிழ்த்துவிடுகிறார். இருவரின் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்தப் பாடநூலும் சொல்லித்தராதது புரியும். முதல் உலகப் போரில் போரிட்ட 369-ஆம் காலாட்படையின் கறுப்பின வீரர்கள் ஒன்பது பேரைக் காட்டும் ஒரு பழைய படத்தை அவர் 2021-இல் ஆளுயரக் குவில்டாக ஆக்கினார். இப்போது அது ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு உறவும் உண்டு, அது நேரடியாகக் கேள்விக்குள் வராவிட்டாலும் சொல்லாமல் விட மனமில்லை. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் குவில்டுகள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அந்தக் கிராமத்தை 1937-இல் ஆர்தர் ராத்ஸ்டைன் அரசாங்கத்துக்காகப் படமெடுத்தார். வறுமையைக் காட்டுவதுதான் அந்தப் படங்களின் நோக்கம். பல பத்தாண்டுகள் கழித்து ரோலண்ட் ஃப்ரீமன் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் தெற்கு மாநிலங்களில் சுற்றிக் குவில்ட் செய்பவர்களைப் பதிவு செய்தார். 1996-இல் வெளியான அவருடைய நூலில், விறகுக் குவியலின்மேல் விரித்த குவில்டோடு அந்த ஊர்க் குவில்ட் கலைஞர் ஆனி மே யங் நிற்கும் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்த கலைப்பொருள் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் அந்தக் குவில்டைத் தேடிக் கிராமத்துக்கே போனார். 2002-இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் நடந்த கண்காட்சி அதிலிருந்து முளைத்தது. ஒரு புகைப்படக்காரர் ஊசியை எடுக்காமலே குவில்ட் வரலாற்றைத் திருப்பிவிட்ட கதை இது.

இப்போது கொஞ்சம் சட்டம். சொந்தப் படத்தை வைத்து வேலை செய்யும் புகைப்படக்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை, ஷாட்டலெய்னுக்கு இருந்த பெரிய வசதி அது. மற்றவர்கள் இணையத்தில் கிடைத்த முகத்தை எடுத்துத் துணியில் வெட்டிவிட்டு, ‘ஊடகம் மாறிவிட்டது, இனி இது என்னுடையது’ என்று நினைக்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் அப்படி நினைக்கவில்லை. ஆர்ட் ராஜர்ஸ் எடுத்த நாய்க்குட்டிகள் படத்தை ஜெஃப் கூன்ஸ் சிற்பமாக்கினார், 1992-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் செய்த அச்சு ஒன்றை அவர் பெயரிலான அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த விவகாரத்தில், 2023-இல் உச்ச நீதிமன்றம் புகைப்படக்காரர் பக்கம் நின்றது. பட்லரின் ‘சவுத்சைட் சண்டே மார்னிங்’ ரஸல் லீ 1941-இல் சிகாகோவில் எடுத்த ஈஸ்டர் காலைப் படத்திலிருந்து வந்தது. அது அமெரிக்க அரசுப் பணியில் எடுத்த படம், அதனால் பதிப்புரிமைத் தொல்லை இல்லை. அந்தக் காலத்து அரசுத் திட்டப் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் கொட்டிக் கிடக்கின்றன. தொடங்குபவர்கள் அங்கே தேடலாம். தன் ஆல்பத்தில் தேடினால் இன்னும் நல்லது.

நீங்களே புகைப்படக்காரர், இந்தப் பக்கம் வர நினைக்கிறீர்கள் என்றால் நான் சொல்வது சுருக்கமாக இதுதான். நல்ல புகைப்படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முழுமையான படம் துணிக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. ஏதோ குறைகிற, ஒளி மட்டும் சரியாக விழுந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் அதை மூன்று டோனாகக் குறையுங்கள், நான்குகூட வேண்டாம். அந்த மூன்றில் முகம் முகமாகத் தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். தெரியாவிட்டால் எத்தனை நூல் போட்டும் காப்பாற்ற முடியாது. முதல் முயற்சியை இரண்டு உள்ளங்கை அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியம் வராது என்று தயங்க வேண்டாம். தெரீஸ் மே என்ற அமெரிக்கக் கலைஞர் 1969-லேயே தன் புகைப்படத்தை ஒளிவீழ்த்தி, கோடு பிடித்து வெட்டி, துண்டுகளைக் கலைத்து மாற்றி இணைத்து ஒரு பெரிய குவில்ட் செய்துவிட்டார்.

கேமராவை விற்றுவிடவும் வேண்டாம். குவில்ட் உலகில் அதற்கு வேலை இருக்கிறது. ஓஹியோவின் ஏதென்ஸ் நகரில் ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில் 1979-இல் தொடங்கிய ‘குவில்ட் நேஷனல்’ இந்தக் கலையின் முக்கியமான கண்காட்சி. அதற்கான தேர்வு படங்களைப் பார்த்துத்தான் நடக்கிறது. பெரும்பாலான போட்டிகளும் அப்படியே. அந்தத் தேர்வில் நடுவர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. ஐந்தாண்டு உழைத்த வேலை ஒரு மோசமான படத்தால் முதல் சுற்றிலேயே வெளியேறுவதுண்டு. முன்னால் ஃபிளாஷ் அடித்தால் தையலின் மேடுபள்ளம் மொத்தமும் தட்டையாகிவிடும். இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, ஒரு பக்கத்தைச் சற்றுத் தூக்கலாக விட்டால் தையல் எழுந்து தெரியும். அகலக் கோண லென்ஸ் வேண்டாம், நேர் விளிம்பு வளைந்துவிடும். கொஞ்சம் நீண்ட லென்ஸோடு பின்னால் தள்ளி நின்று, கேமராவைக் குவில்டின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்து எடுங்கள். நிறத்துக்குச் சாம்பல் அட்டை. முழுப் படத்தில் நான்கு விளிம்பும் தெரிய வேண்டும். நெருக்கப் படத்துக்கு ஒளியை இன்னும் தாழ்வாகப் பக்கத்திலிருந்து விடுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் விளக்குகளை உடனே அணைத்துவிடுங்கள். அருங்காட்சியகங்கள் துணிப் படைப்புகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் தருவதில்லை, அதையும் சில மாதங்களுக்கு மேல் நீடிக்க விடுவதில்லை.